ஏட்டையாவின் பாதிச் சவரமும் என் வெள்ளை ஜிப்பாவும்

போலீஸ்காரர் என் ஜிப்பாவை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்தபோது எனக்கு வந்த முதல் கவலை அடியைப் பற்றியது அல்ல. அவர் கையில் எண்ணெய் இருக்குமோ, ஜிப்பாவில் கறை பிடித்துவிடுமோ என்பதுதான். சபையாரே, என்னுடைய பரிசுத்தம் அன்று எந்த நிலையில் இருந்தது என்பதை நீங்கள் இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது கவலை உடனே வந்தது. அது அடியைப் பற்றியதுதான்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. மலையாள ராஜ்யத்தில் இருந்த நம்முடைய பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், கொடி, கோஷம். போலீஸ் வண்டி வந்தால் ஆண்கள் மரச்சீனிக் கிழங்குக் காட்டுக்குள் ஓடுவார்கள். நெய்யாற்றின்கரை லாக்கப்புக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்து ஒரு மாதத்துக்குச் சம்மணம் போட்டு உட்காரவில்லை. என் மனைவி நேசபாய்க்கு அது எட்டாம் மாதம். வீட்டில் வேறு ஆள் இல்லை. என்னைக் கொண்டுபோய் அடைத்தால் அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் கோரிக் கொடுக்கவும் நாதி கிடையாது. அன்று எனக்கு இருந்த பயம் முழுவதும் இந்த ஒரு காரியம்தான்.

நான் எப்படி அதில் போய் மாட்டினேன் என்று சொல்லுகிறேன்.

என் பெயர் யேசடியான். பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில் வெற்றிலைக்கொடி வைத்திருந்தேன். கவலைப்படுவது எனக்குப் பிறவியிலேயே உள்ளது. காற்று அடித்தால் கொடி சாய்ந்துவிடும் என்று கவலை. காற்று அடிக்காவிட்டால் நோய் விழும் என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், ஏன் இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று நெஞ்சு அடிக்கும். நான் படித்தது நாலாம் வகுப்புவரை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் மூச்சு வாங்கும். ஆகையால் எதையும் முதல் பக்கத்தோடு மூடி வைப்பது என் பழக்கம். இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் நம்முடைய சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினார். முதல் நாள், மீட்கப்பட்டவர்களின் வெள்ளை வஸ்திரத்தைப் பற்றி. என்ன பிரசங்கம் அது! நான் அழுதேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நான் அழுததைப் பார்த்து அழுதார். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காற்று மழை. கொடிக்குக் கால் ஊன்றப் போய்விட்டேன். முதல் நாளே விஷயம் முழுவதும் பிடிகிட்டிவிட்டது என்று எனக்கு ஒரு நினைப்பு.

எனவே பரிசுத்தனாவது என்று தீர்மானித்தேன். சந்தையில் துணி எடுத்து இரண்டு வெள்ளை ஜிப்பாவும் இரண்டு வெள்ளை வேட்டியும் ஆயத்தம் செய்தேன். பொய் சொல்வதில்லை என்று பிரமாணம் செய்தேன். வெற்றிலை போடுவதை விட்டேன்.

"வெத்தில விக்கிய ஆளு வெத்தில போடாம இருந்தா பரிசுத்தமாக்கும்?" என்று நேசபாய் கேட்டாள்.

"விக்கியது தொழிலு. போடுதது இச்செ" என்றேன்.

"செரி. இந்த வெள்ளெத் துணியெ செம்மண்ணுல நடந்து அழுக்காக்கியது ஒங்க பரிசுத்தம். தொவைக்கியது எனக்க தொழிலு. அப்பிடித்தானே?"

அவளுக்கு ஆவிக்குரிய வெளிச்சம் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு கல்லில் துணி அடித்தவள் அவள்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பரிசுத்தன் என்றால் பிரிந்து வாழ வேண்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்தது. யாரைவிட்டுப் பிரிவது என்று யோசித்தேன். பெரிய பாவிகள் யாரும் எனக்குப் பழக்கம் இல்லை. கடைசியில் வேலாயுதண்ணன்தான் அகப்பட்டார்.

வேலாயுதண்ணன் முச்சந்தியில் சவரக்கடை வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைச் சவரம் செய்துவிட்டவர் அவர்தான். அன்று நான் பயத்தில் நடுங்கிக்கொண்டே இருந்ததால், "எலே, கல்யாணம் நாளெத்தான். இண்ணைக்கே உயிர விடாதே" என்று சொல்லி, ஒரு கீறல் விழாமல் முடித்தார். தமிழும் மலையாளமும் தண்ணீர்போல் வாசிப்பார். கடையில் இரண்டு பாஷையிலும் பத்திரிகை கிடக்கும். ஒரு பக்கம் வள்ளி தேவயானையோடு முருகன் படம். மறுபக்கம் சோப்புக் காலண்டரில் ஒரு பெண் தலைமுடியை விரித்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். கூடியிருப்பவர்கள் எல்லைப் பிரச்சினையைப் பேசுவார்கள், பீடி குடிப்பார்கள், எல்லாரையும் பரிகாசம் செய்வார்கள். பதினைந்து வருஷம் நானும் அங்கே இருந்து வாய்கொள்ளாமல் சிரித்தவன்தான்.

ஒரு சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, வெள்ளை ஜிப்பாவோடு வாசலில் போய் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை.

"வேலாயுதண்ணே, இனி நான் இங்கெ தலெ குடுக்கமாட்டேன். இது பரியாசக்காரர் இருக்கிய எடம். ஒங்க கத்தியும் அசுத்தம். ஆரெல்லாமோ தலெயில ஓடினதுல்லா?" என்றேன்.

அண்ணன் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"செரி மக்கா" என்றார். அவ்வளவுதான்.

அவர் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உபத்திரவப்பட்டேன் என்று சாட்சி சொல்லியிருப்பேன். அவர் ஏசவில்லை. அன்று முதல் அந்த முச்சந்தி வழியாக நான் போவதில்லை. வயல் வரப்பு சுற்றிச் சந்தைக்குப் போனேன். அரை மைல் கூடுதல். வெள்ளை வேட்டியில் சேறு கூடுதல். துவைக்கிற கல்லில் சத்தம் கூடுதல்.

தலைமுடியை நேசபாய் வெட்டினாள். தேங்காய் கீறுகிற கோபத்தோடு வெட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காதுக்கு மேல் மேடு, மறு காதுக்கு மேல் பள்ளம். தாடியை நானே மழிக்கப் பார்த்து, கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டி, பாதியில் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் நம்முடைய சபை உபதேசியார் என்னிடம் ஒரு கட்டு கைப்பிரதி கொடுத்தார். கன்வென்ஷன் பிரசங்கத்தைச் சுருக்கி நாலு பக்கமாக அச்சடித்தது. "வெள்ளை வஸ்திரம்" என்று தலைப்பு. "யேசடியான், நல்லா வாசிச்சுப் பாத்துட்டு ஆளுகளுக்குக் குடும்" என்றார்.

நான் முதல் பக்கம் வாசித்தேன். வெள்ளை அங்கியைப் பற்றி இருந்தது. எனக்குத் தெரிந்த விஷயம். மூடிவிட்டேன்.

இப்போது நீங்களே பாருங்கள். போராட்டக்காரர்கள் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, தலை சீவ நேரமில்லாமல், தமிழில் அச்சடித்த நோட்டீஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போலீஸ் கண்ணில் படாமல் வயல் வரப்பு வழியாகப் போய் ஆளுக்கு ஒன்று கொடுக்கிற காலம். அந்தக் காலத்தில் நான் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, இப்படி ஒரு தலையோடு, தமிழ் அச்சடித்த கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வயல் வரப்பு வழியாகப் போய் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற எனக்கு இந்த ஒரு கவலை மட்டும் வரவில்லை. அதுதான் ஆச்சரியம்.

ஐப்பசி மழை சற்றே விட்ட ஒரு சனிக்கிழமை காலை. வரப்பு முடிந்து ரோட்டில் ஏறுகிற இடத்தில் அந்தப் போலீஸ்காரர் நின்றார். தெற்கத்தி ஆள்தான். நம்மைப்போலவே பேசுவார். கட்டைப் பிடுங்கினார். தமிழ் எழுத்தைக் கண்டார். ஜிப்பாவைப் பிடித்தார்.

"கிட்டியாச்சு! நடலே!"

"ஏமானே, நான் போராட்டக்காரன் இல்லெ. நான் பரிசுத்தமாக்கும்."

"ஆமா, ஆமா. ஸ்டேஷனுக்கு வா. மிச்ச பரிசுத்தத்தெ அங்கெ பாப்போம்."

"என்னெ எங்கெ கொண்டுபோறிய?"

"ஏட்டையா முச்சந்தியில சவரம் செய்யிதாரு. அங்கெ முதல்ல காட்டணும்."

முச்சந்தியில் ஒரு சவரக்கடைதான் உண்டு.

போகிற வழியெல்லாம் ஜெபித்தேன். "கர்த்தாவே, உபதேசியாரை எதிரே அனுப்பும்." உபதேசியார் காஞ்சிரங்குளத்தில் ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். அது எனக்கும் தெரியும். "அப்படியானால் சபையில் வாசிக்கத் தெரிந்த வேறே யாரையாவது அனுப்பும்." யாரும் வரவில்லை. "யாராயிருந்தாலும் சரி. வேலாயுதண்ணன் மட்டும் வேண்டாம்." இப்படிக் கர்த்தருக்கு ஆள் தெரிந்தெடுத்துக் கொடுத்துக்கொண்டே போனேன். பிறகு நேசபாய் குடத்தோடு நிற்கிறது கண்முன் வந்தது. சபையில் ஜெபிக்கச் சொன்னால் நான் கால் மணி நேரம் நிறுத்தமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்று அதன்பின் எனக்குள் மிஞ்சிய ஜெபம் ஒரே வார்த்தைதான். "ஆண்டவரே." அதற்குமேல் வரவில்லை.

கடையில் ஏட்டையா நாற்காலியில் சாய்ந்திருந்தார். வடக்கிருந்து மாற்றலாகி வந்த மலையாளத்துக்காரர். முகம் முழுவதும் சோப்பு நுரை. இடது கன்னம் மழித்தாகிவிட்டது. வலது கன்னத்தில் கத்தி வைக்கிற நேரம். பெஞ்சில் நாலைந்து பேர் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். போலீஸ் இருக்கும்போது அந்தக் கடையில் ஒருவருக்கும் எல்லைப் பிரச்சினை நினைவுக்கு வராது.

"ஒரு லீடரெப் பிடிச்சாச்சு ஏமானே" என்றார் போலீஸ்காரர்.

ஏட்டையா நுரைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "வேலாயுதா, இவன் ஆரு? அறியுமோ?"

அண்ணன் கத்தியை நிறுத்தி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு திரும்பவும் தலைக்கே வந்தார். அங்கே வெகுநேரம் நின்றார்.

"தெரியாதே ஏமானே" என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது.

"எனக்கு ஒரு யேசடியானெத் தெரியும். பதினஞ்சு வருஷம் நான் முடிவெட்டின ஆளு. தலெ பாக்க ஐசுவரியமா இருக்கும். இந்தத் தலெ எனக்க கடையில வெட்டினதில்லெ. அதெ மட்டும் ஏமான் நல்லாக் குறிச்சுக்கிடணும்."

பெஞ்சில் ஒருவர் இருமினார். அது இருமல் அல்ல.

"ஆரெடா இது வெட்டியது?" என்று ஏட்டையா என்னிடம் கேட்டார்.

"எனக்க பெண்டாட்டி ஏமானே."

"எந்தினு? அவளோட வழக்கு உண்டோ?" எதற்கு, அவளோடு சண்டையா என்று கேட்கிறார்.

சாதாரணமாக எனக்கு மலையாளம் நன்றாக வரும். சந்தையில் வியாபாரமே அதில்தான். அன்று பயத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. முழித்துக்கொண்டு நின்றேன். அவர் குரல் உயர்ந்தது. உள்ளதைச் சொல்லாவிட்டால் நெய்யாற்றின்கரையில் சொல்ல வைப்பேன், செய்ததெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லு என்றார். அது மட்டும் நன்றாக விளங்கியது. பொய் சொல்வதில்லை என்று பிரமாணம் வேறு உண்டு. ஆகவே செய்ததெல்லாம் சொல்லத் தொடங்கினேன்.

"சின்னதுல சபெப் பறம்புப் பலாவுல ஒரு சக்கெ களவாண்டு தின்னேன் ஏமானே. வருக்கச் சக்கெ. தபசு நோன்பு காலத்துல சிரட்டையில ஒளிச்சு வச்சு மீன்கறி தின்னேன். பொறவு, வெத்திலக் கெட்டுல வெளியில தளிரும் நடுவில முத்தலுமா வச்சு வித்தது உண்டு. நெறைய உண்டு."

என்னைப் பிடித்து வந்த போலீஸ்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "எலே, போன மாசம் சந்தையில எனக்குத் தந்தது நீதானா?"

"ஆமா ஏமானே."

"அதானே பாத்தேன், சவச்சா சாக்கு மாதிரி!"

"நீ மிண்டாதெ நில்லு!" என்று ஏட்டையா அவரை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தமிழ்நாட்டோடு சேரணும் என்று நினக்கு உண்டோ, இல்லையோ?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அண்ணன்கூட நுரைக் கிண்ணத்துக்கு மேலே இலேசாகத் தலையை ஆட்டிக் காட்டினார். சொல்லிவிடு என்று.

"மனசுல உண்டு ஏமானே" என்றேன்.

யாரோ "எனக்க அம்மோ" என்றார்கள்.

ஏட்டையா நாற்காலியில் நிமிர்ந்தார். நுரை ஒரு துளி மடியில் விழுந்தது. "அப்போ இந்த நோட்டீஸில் என்ன உண்டு? ஆரு வாசிப்பது?" அவருக்குத் தமிழ் பேசினால் விளங்கும், எழுத்துத் தெரியாது. போலீஸ்காரர் படித்ததும் மலையாளம்தான், அவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"நான் வாசிக்கட்டா?" என்றார் வேலாயுதண்ணன்.

என் தலையெழுத்து இப்போது அந்த மனிதரின் வாயில். அவர் நினைத்ததை வாசிக்கலாம். கொடியேற்று, ரோட்டை மறி என்று இரண்டு வரி கூட்டிச் சொன்னாலும் சரிபார்க்க ஆள் கிடையாது. அவர் கத்தியை அசுத்தம் என்று சொன்னது நான். நாலு பேர் கேட்கச் சொன்னது. பெஞ்சில் இருந்த அதே நாலு பேர்.

"ஆண்டவரே" என்றேன். இரண்டாம் முறை.

"சவரம் தீத்திட்டு வாயிக்கு" என்றார் ஏட்டையா. சவரத்தை முடித்துவிட்டு வாசி என்று அர்த்தம்.

"ஒரு கண்ணு எழுத்தில, ஒரு கண்ணு கழுத்தில வச்சா கழுத்தாக்கும் போறது. வாசிச்சுட்டுத்தான் கத்தி எடுப்பேன்" என்று சொல்லி அண்ணன் கத்தியை மடக்கி வைத்து, கையைத் துடைத்து, கண்ணாடி மாட்டினார்.

முதல் பக்கம் வாசித்தார். தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் அர்த்தம். வெள்ளை வஸ்திரம், மீட்கப்பட்டவர்கள், பரலோகம். ஏட்டையா, "இது பிரசங்கமல்லே?" என்றார். போலீஸ்காரர், "முதல்ல அப்பிடித்தான் தொடங்குவானுவ ஏமானே. விஷயம் உள்ளெ இருக்கும்" என்றார்.

"மறி" என்றார் ஏட்டையா.

அண்ணன் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். சபையாரே, நான் ஏறக்குறைய நூறு பேருக்குக் கொடுத்த அந்தக் கைப்பிரதியின் இரண்டாம் பக்கத்தை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். ஒரு சவரக்கடையில், முருகன் படத்துக்குக் கீழே, கைதியாக நின்று கேட்டேன்.

துணியை வெளுப்பது எளிது என்று அதில் இருந்தது. வெள்ளைத் துணியை உடுத்துவதால் ஒருவன் பரிசுத்தன் ஆவதில்லை. அவன் வீட்டில் அதைத் துவைக்கிறவர்களின் கை வலியை அறிகிறவனே அந்த வழியில் முதல் அடி வைத்தவன் என்று இருந்தது. எனக்கு நேசபாயின் கல் சத்தம் காதில் கேட்டது.

மூன்றாம் பக்கம். அண்ணன் வாசிக்கத் தொடங்கி, நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி மெதுவாக வாசித்தார். அந்தப் பக்கம் கேள்வியாக இருந்தது. யாரைக் கண்டு நீ வழி மாறிப் போகிறாய்? யாரை உன்னைவிட அசுத்தமானவன் என்று சொன்னாய்? அவனிடம் சமாதானம் இல்லாமல் நீ தேவனிடம் கேட்கும் பரிசுத்தம் எது? இன்றே அவன் வாசலுக்குப் போ. போய், உள்ளே கால் வை.

"எலே, இது ஆளெப் பாத்து எழுதினது மாதிரில்லா இருக்கு" என்றார் அண்ணன்.

"அண்ணே, அந்தப் பக்கம் நான் வாசிச்சதில்லெ" என்றேன்.

"அது தெரியுது மக்கா."

நான் உள்ளே நின்று அழுதேன். கன்வென்ஷனில் அழுத அழுகை வேறு. இது வேறு. இதில் மூக்கும் ஒழுகியது. துடைக்கக் கை போனது வெள்ளை ஜிப்பாவுக்குத்தான். துடைத்துவிட்டேன்.

ஏட்டையாவின் மழித்த கன்னம் சிவந்திருந்தது. மழிக்காத கன்னத்தில் நுரை காய்ந்து சுண்ணாம்புபோல் வெடித்திருந்தது. "இனியும் உண்டோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒரு பக்கம் உண்டு. ஜெபமாக்கும்."

"வாயிக்கு."

வேலாயுதண்ணன் நாலாம் பக்கத்து ஜெபத்தையும் வாசித்தார். அவர் கோயில்காரர். ஆனால் ஜெபத்தை ஜெபமாகவே வாசித்தார், ஒரு எழுத்து விடவில்லை. முடிந்ததும் பழக்கதோஷத்தால் நான் "ஆமென்" என்றேன். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். என்னைப் பிடித்து வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஏட்டையா மலையாளத்தில் நீளமாக ஒன்று சொன்னார். மனதில் இருப்பதற்கெல்லாம் கேஸ் எடுக்கத் தொடங்கினால் இந்தத் தாலுக்காவில் லாக்கப் போதாது என்பது அதன் சாரம். பிறகு என்னிடம், "இந்தச் சண்டை தீருவதுவரை நீ வெள்ளை உடுக்கருது. கேட்டோ?" என்றார்.

"உடுக்கமாட்டேன் ஏமானே."

"பின்னே, வெற்றிலைக் கட்டில் முத்தல் வைக்கருது."

"வைக்கமாட்டேன் ஏமானே."

கன்வென்ஷனில் மூன்று நாள் சொன்னதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அண்ணன் புதிதாக நுரை போட்டு அவருடைய வலது கன்னத்தை முடித்தார். கைப்பிரதிக் கட்டை என் கையில் தந்து ஏட்டையாவும் போலீஸ்காரரும் போனார்கள். போலீஸ்காரர் போகிறபோது காதருகே வந்து, "அடுத்த சந்தைக்குத் தளிரு. ரெண்டு கெட்டு" என்றார்.

அவர்கள் வளைவு திரும்பும்வரை எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். "மனசுல உண்டு ஏமானே!" என்று ஒருவர் என்னைப்போலவே சொல்லிக் காட்டினார். பரியாசக்காரர் இருக்கும் இடம்தான். சந்தேகமில்லை. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

"வேலாயுதண்ணே, என்னெ மன்னிக்கணும்" என்று கைகூப்பினேன்.

"மன்னிப்பு பொறவு. நீ மொதல்ல நாற்காலியில இரி. இந்தத் தலெயோட நீ எனக்க கடையிலேருந்து எறங்கிப் போனா, நான் வெட்டினதுண்ணு ஊரு நெனைக்கும்."

இருந்தேன். அவர் துண்டைப் போர்த்தி, முடியைச் சமன்படுத்தி, தாடிக்கு நுரை போட்டு, அந்தக் கத்தியை எடுத்தார். ஆரெல்லாமோ தலையில் ஓடின அதே கத்தி. ஏட்டையா கழுத்தில் இப்போதுதான் ஓடியது. தோல்வாரில் தீட்டுகிற சத்தம் கேட்டதும் என் கவலை எல்லாம் திரும்பி வந்தது. இந்த மனிதருக்குக் கோபம் இருக்காதா? ஒரு சின்னக் கீறலாவது போட்டுவிடமாட்டாரா? நானாயிருந்தால் போடுவேனே!

"கழுத்தெ நீட்டு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். கத்தி தொண்டையில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. மேலே போயிற்று. கீழே வந்தது. ஒரு கீறல் இல்லை.

அந்த நாற்காலியில்தான் எனக்கு விளங்கியது, உதவி வந்த வழி எது என்று. நான் ஆள் கேட்டுக்கொண்டு நடந்த நேரமெல்லாம், கர்த்தர் எனக்காக ஒரு ஆளைக் கையில் கத்தியோடு முச்சந்தியில் ஏற்கனவே நிறுத்தி வைத்திருந்தார். நான் வேண்டாம் என்று சொன்ன அந்த ஒருவரைத்தான்.

வீட்டுக்குப் போனபோது நேசபாய் என் தலையைப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது, எட்டாம் மாதம் அல்லவா. பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று அந்த ஜிப்பாவை நானே கல்லில் துவைத்தேன். மூக்குத் துடைத்த இடம் போய்விட்டது. போலீஸ்காரர் பிடித்த இடத்தில் எண்ணெய்க் கறை போகவே இல்லை. முதலில் பட்ட கவலை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

எல்லைக் காரியத்துக்கும் நான் ஜெபித்ததுண்டு. அது நாங்கள் கேட்டபடி நடக்கவில்லை. கோடு எங்களுக்கு அப்புறமாகப் போனது, நாங்கள் மலையாளத்தின் பக்கம் ஆகிவிட்டோம். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்த நாளில் அண்ணன் இரண்டு பாஷையிலும் வாசித்துப் பார்த்தார். இரண்டிலும் அதேதான் எழுதியிருந்தது. அந்த வருத்தத்தை அவரும் நானும் ஒரே பெஞ்சில் இருந்து பட்டோம். முன்போல நான் வரப்பு சுற்றிப் போய்க்கொண்டிருந்தால் அதையும் தனியே பட்டிருப்பேன்.

அண்ணன் சபைக்கு வந்ததில்லை. நான் அவருக்காக ஜெபிக்கிறேன் என்று சொன்னேன். தானும் எனக்காகக் கோயிலில் வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். என்ன வேண்டுகிறீர்கள் என்று கேட்டேன். "நீ எதையும் முழுசா வாசிக்கணும்ணு" என்றார். அந்த வேண்டுதல் மெல்ல மெல்லப் பலித்து வருகிறது. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன். ஆனாலும் பக்கம் திருப்புகிறேன். என் மகள் பிறந்து முதல் முடி வெட்டியது அவர்தான். அவள் அழவில்லை. நான்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன்.

நான் பரிசுத்தன் ஆகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நேசபாய் இதை வாசிப்பாள். கவலையும் முழுவதாகப் போகவில்லை. இதை எழுதி முடித்ததும், எழுத்துப்பிழை இருக்குமோ என்று படப்போகிறேன். ஆனால் பரிசுத்தத்தைத் துணியில் தேடுவதில்லை. சனிக்கிழமை தோறும் வெற்றிலைக் கட்டு கட்டும்போது நடுவில் என்ன வைக்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுகிறேன். கர்த்தர் பார்க்கிற இடம் அதுதான் என்று ஒரு எண்ணம்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒரு முச்சந்தி இருக்கும். யாரோ ஒருவரைக் கண்டு நீங்கள் வரப்பு சுற்றிப் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்கள் இக்கட்டில் கர்த்தரிடம் உதவி கேளுங்கள், கேட்கிறவர் அவர். ஆளை மட்டும் நீங்கள் தெரிந்தெடுத்துக் கொடுக்காதிருங்கள். அந்தக் கடைக்குள் கால் வையுங்கள். நாற்காலியில் உட்காருங்கள். பயமாகத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுங்கள்.

எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கர்த்தருக்கே மகிமை.